விசாரணைக்கு முந்தின நாள்

— மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுங்க.

— ஐ கோ டு தி மெஷின்.

— அண்ணா...

— சரி, சரி. ஐ கோடு.

— கோடு போட்டு நான் என்ன பண்ண? வென்ட். ஐ வென்ட்.

— அது என்ன நியாயம் தங்கச்சி? 'வாக்'குக்கு வாக்டு. 'வாஷ்'ஷுக்கு வாஷ்டு. இந்தப் போறதுக்கு மட்டும் என்ன கேடு? வரிசையில நில்லுன்னா நிக்க மாட்டேங்குது.

— சிலது அப்படித்தான். மனுஷங்கள்ல இல்லையா, எந்த வரிசையிலயும் நிக்காத ஆளுங்க?

— இருக்கான். எங்க சூப்பர்வைசர்.

— பேச்சை மாத்தாதீங்க. பத்து நாளா சொல்லிக் குடுக்கறேன், 'வென்ட்' இன்னும் வாயில நிக்கல.

— ஏழாங்கிளாஸோட நின்ன கழுதைம்மா நான். ஐஞ்சுல வளையாதது...

— ஐம்பதுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு உங்களுக்கு. வளையும். சொல்லுங்க.

— ஐ வென்ட் டு தி மெஷின். நம்பர் த்ரீ.

— எப்ப?

— ஆஃப்டர் டீ.

— பாத்தீங்களா, வருது. அடுத்து? ஐ ஸீயா, ஐ ஸாவா?

— ஸா.

— என்ன பாத்தீங்க?

— ஒரு வாய் தண்ணி குடு தங்கச்சி.

— இந்தாங்க... மெதுவா. சட்டையில கொட்டிக்காதீங்க. நாளைக்கும் இதையேவா போடப் போறீங்க?

— இல்ல, நீலச் சட்டை வெச்சிருக்கேன். இஸ்திரி போட்டுக் கதவுல மாட்டியாச்சு. லீவும் சொல்லிட்டேன். நீ சொன்ன மாதிரியே, காய்ச்சல்னு.

— வேற யார்கிட்டயும் சொல்லலயே? விசாரணைக்குப் போறேன்னு?

— சொல்லல. ஆனா ஒண்ணு, உனக்கு வந்த லெட்டர்ல என்னைக் கூப்பிட்டிருக்குன்னு படிச்சுக் காட்டின, எங்க செக்‌ஷன்ல வேற யாரையும் கூப்பிட்ட மாதிரியே தெரியலயே?

— முதல்ல பாத்தது நீங்கதானே. தூக்கிட்டு ஓடினதும் நீங்க.

— அது சரி... இதைத் தமிழ்ல சொல்லக் கூடாதா? அன்னிக்கு மாதிரி மொழிபெயர்க்க ஒரு ஆளு வருவான்ல?

— அந்த ஆளுக்குச் சம்பளம் குடுக்கறது உங்க கம்பெனி. அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க, அவன் ஒண்ணு எழுதினான். என்ன எழுதினான்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— 'சுவிட்சுல பூட்டு இல்ல.' கீழ உங்க கையெழுத்து.

— நாங்க எல்லாம் கூடி நின்னு பாத்தப்ப இல்லம்மா. அதைத்தான் சொன்னேன். பொய் சொல்லல.

— பொய்னு நான் சொன்னேனா? எப்ப இல்ல, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, ஒவ்வொண்ணா உங்க வாயாலயே வரணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடு. எல்லாத்தையும் பாஸ்ட் டென்ஸ்ல சொல்லணும்.

— இறந்த காலம்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. இறந்த காலம், நிகழ் காலம்...

— அந்த வார்த்தை வேணாம்ண்ணா. பாஸ்ட் டென்ஸ்னே சொல்லுங்க.

— ஐயோ... மன்னிச்சுக்கோ. வாய் தவறி...

— பரவாயில்ல. ஏழு வாரமா எல்லாரும் வாய் தவறிட்டுத்தான் இருக்காங்க. பழகிடுச்சு.

— உனக்கு எப்படி இதெல்லாம் மளமளன்னு வருது?

— இந்த நாட்டுக்கு வந்த நாள்ல இருந்து பல் டாக்டர் வாசல்ல ஒம்பது வருஷமா டோக்கன் குடுக்கறேன். வர்றவங்க எல்லாம் பாஸ்ட் டென்ஸ்லதான் பேசுவாங்க. எப்ப ஆரம்பிச்சுது, எந்தப் பக்கம் வலிச்சுது, என்ன கடிச்சீங்க... காது கேட்டுக் கேட்டு வந்ததுதான். சரி, இப்ப பூட்டு. பூட்டு எதுக்குன்னு ஆபீசர் கேப்பாரு. முதல்ல தமிழ்ல சொல்லுங்க.

— உனக்குத் தெரியாததா?

— எனக்குத் தெரிஞ்சு என்ன? நீங்க சொல்லிப் பழகணும்.

— ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு ஐநூறு அறுநூறு ஒரே நேரத்துல காயற டிரையர். உள்ள டிரம் இருக்கே, அது நம்ம இந்த ரூம் அளவு இருக்கும். துணி சிக்கி முறுக்கிக்கிச்சுன்னா ஆளு உள்ள இறங்கித்தான் இழுக்கணும். இறங்கறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சு, அதுல பூட்டு மாட்டணும். சாவி இறங்கறவன் பாக்கெட்ல. அவன் வெளிய வந்து திறக்கற வரைக்கும் முதலாளியே வந்தாலும் சுவிட்சைப் போட முடியாது.

— யாரோட பூட்டு?

— அவனவன் பூட்டு. ஒவ்வொருத்தனுக்கும் கம்பெனியே குடுக்கும்.

— ஆளுக்கு ஒண்ணு.

— ...ரூல் அதுதான்.

— அவரு அதை மாட்டாம இறங்கிட்டாருன்னு சொல்றாங்க. மறந்துட்டாராம். 'ஃபர்காட்.' அதுவும் பாஸ்ட் டென்ஸ்தான். ஒரே ஒரு வார்த்தையில மனுஷனை முடிச்சுட்டாங்க.

— யாரு என்ன எழுதினா என்ன தங்கச்சி? நமக்குத் தெரியாதா அவனை?

— பாப்பாவுக்குத் தெரியாதேண்ணா. ஒம்பது வயசு. நேத்து பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பையைக்கூடக் கழட்டல. 'அம்மா, அப்பா மறந்துட்டாரா?'ங்கறா. கூடப் படிக்கற பொண்ணு சொன்னாளாம், தன் தப்பாலதான் உங்கப்பா செத்துட்டாருன்னு. அவளோட அப்பாவும் உங்க லாண்டரிதான்.

— எவன் அவன்? பேரைச் சொல்லு, நாளைக்கே...

— அவனை அடிச்சா இவ கேள்வி போயிடுமா?

— நீ என்ன சொன்ன அவகிட்ட?

— இன்னும் ரெண்டு நாள்ல சொல்றேன்னேன். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுடும்னு. நீங்களே சொல்லுங்கண்ணா. மறக்கற ஆளா அவரு?

— மாப்ளயா! வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாப்பான்.

— மூணு இல்ல, நாலு. பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து நாலாவது இழுப்பு. நான் உள்ள இருக்கும்போதே!

— 'பூட்டுக்கே கை வலிக்கும்டா, விடுடா'ன்னு நான் கேலி பண்ணுவேன். 'போற வழியில திரும்பிப் பாக்கறவன் பொண்டாட்டியைப் பாக்கத்தான் வர்றான், பூட்டைச் சொல்லிக்கறான்'ம்பேன். வெக்கப்பட்டுக்கிட்டு...

— சொன்னீங்களா அப்படி?

— சொல்லுவேன். காது ரெண்டும் சிவந்து போகும் அவனுக்கு. அழாத தங்கச்சி.

— அழல. சிரிக்கத்தான் வந்துச்சு, இடையில மாறிப் போச்சு... ஆஸ்பத்திரியில ஒரு கவர் குடுத்தாங்கண்ணா. சட்டை பேன்ட் எல்லாம் வேணாம்னுட்டேன். கவர்ல வாட்ச்சு, பர்ஸு, பாப்பாவோட ஹேர்பின்னு ஒண்ணு. அது எப்படி அங்க போச்சோ. அப்புறம் ஒரு சின்னச் சாவி.

— சாவியா?

— வீட்டுச் சாவி இல்ல. என் பீரோ சாவியும் இல்ல.

— ...துணி மாத்தற எடத்துல லாக்கர் இருக்கு. அதோட சாவியா இருக்கும்.

— இருக்கும்.

— அதேதான்.

— சரி, வாங்க. இப்ப நான் ஆபீசர். நேரா உக்காருங்க. வாட் டிட் யூ டூ ஆஃப்டர் டீ?

— ஐ டிட் வென்ட்...

— ம்ஹூம். 'டிட்' வந்துட்டா வினைச்சொல்லு பழையபடி ஆயிடும். டிட் கோ. இல்லன்னு சொல்லும்போதும் அதேதான். ஐ டிட் நாட் கோ. ஐ டிட் நாட் ஸீ. ஐ டிட் நாட் டேக்.

— அட! அப்ப 'இல்ல'ன்னு சொல்றது சுலபமா இருக்கே. முன்னாடி ஒரு டிட் நாட்டைப் போட்டுட்டா வேற எதையும் மாத்த வேணாம்.

— ஆமாண்ணா. இல்லன்னு சொல்ல ஒண்ணும் மாத்த வேணாம். 'ஆமா'ன்னு சொல்றதுக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையையும் மாத்தணும். இந்த லிஸ்ட்டைப் பிடிங்க. நான் முதல்ல இருக்கற வார்த்தையைச் சொல்றேன், நீங்க பக்கத்துல இருக்கறதைப் பாக்காம சொல்லணும். ஓப்பன்?

— ஓப்பன்டு.

— டேக்?

— டேக்டு... இல்ல, டுக்.

— நல்லது. ஷட்?

— ஷட்டடு.

— ஷட். அது மாறாது. நேத்தும் ஷட், இன்னைக்கும் ஷட். பிரஸ்?

— துணி பிரஸ் பண்றதா?

— பட்டனை அழுத்தறது.

— ...பிரஸ்டு. தங்கச்சி, இந்த லிஸ்ட்டை யாரு எழுதினா?

— நான்தான். கிளினிக்ல கூட்டம் இல்லாதப்ப, நீங்க படிக்கற மாதிரி தமிழ் எழுத்துல எழுதினேன்.

— திறக்கறது, எடுக்கறது, சாத்தறது, அழுத்தறது... இதெல்லாம் எனக்கு எதுக்கு? பாத்தேன், கத்தினேன், தூக்கினேன். மூணு போதாதா?

— தேவைப்பட்டா எடுத்துக்கறது. தெரிஞ்சு வெச்சுக்கிட்டா கனக்கவா போகுது?

— எனக்குத் தலை சுத்துது. இன்னைக்கு இது போதும். நான் கிளம்பறேன்.

— உக்காருங்க.

— காலையில நேரத்தோட எந்திரிக்கணும்...

— உக்காருங்கண்ணா. பாப்பா மேல் வீட்டுல விளையாடறா, அரை மணியில வந்துடுவா. நீங்க இல்லன்னா என்னைத்தான் பிடுங்கி எடுப்பா. அப்பா போன நாள்ல இருந்து உங்க தோள்தானே அவளுக்குத் தலகாணி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விடறதும் நீங்க, குழாய் ஒழுகினா வர்றதும் நீங்க. என் கூடப் பொறந்தவன்கூட பதினாறாம் நாள் காரியத்தோட ஊருக்குக் கிளம்பிட்டான். நீங்க ஒரு நாள் வராம இருந்ததில்ல.

— அதையெல்லாம் ஏன் சொல்ற? நான் செய்யாம யாரு செய்வா?

— அவ உங்க தோள்ல தூங்கும்போது நான் உங்க முகத்தைப் பாப்பேன். நீங்க எங்கயோ சுவத்தைப் பாத்துட்டு இருப்பீங்க. கை மட்டும் அவ முதுகைத் தட்டிட்டு இருக்கும். மூச்சுகூட விட மாட்டீங்க.

— தங்கச்சி...

— என்னண்ணா?

— இங்கிலீஷ் வேணாம். தமிழ்ல ஒண்ணு சொல்றேன், கேளு.

— தமிழ்ல வேணாம்.

— என்னம்மா?

— தமிழ்ல சொன்னா நான் உங்க தங்கச்சி. பாதி கேக்கறதுக்குள்ள 'போகட்டும் விடுங்க'ன்னு சொல்லிடுவேன். சொல்லித் தொலைச்சுடுவேன். இங்கிலீஷ்ல சொல்லுங்க. நான் ஆபீசர்.

— எனக்கு வராது.

— வரும். வாட் டிட் யூ டூ ஆஃப்டர் டீ?

— ...ஐ வென்ட் டு நம்பர் த்ரீ.

— வாட் டிட் யூ ஸீ?

— ஐ ஸா... ஐ ஸா தி லாக்.

— வேர்?

— ஆன் தி சுவிட்ச்.

— ...அப்புறம்? எழுந்திரிக்காதீங்க. சொல்லி முடிங்க.

— ஐ ஓப்பன்டு தி லாக். ஐ டுக் தி லாக். ஐ... ஐ ஷட் தி டோர். ஐ பிரஸ்டு தி பட்டன்.

— ...

— தப்பா சொன்னேனா? ஏதாவது பேசு தங்கச்சி. தப்பா இருந்தா திருத்து.

— இல்ல. எல்லாம் சரியா இருக்கு.

— இனிமே தமிழ்ல சொல்லலாமா?

— ...சொல்லுங்க.

— என் பூட்டு போன வருஷமே தொலைஞ்சு போச்சு. ஆபீஸ்ல சொன்னா மெமோ குடுப்பான், ஏற்கெனவே எம்மேல ரெண்டு மெமோ இருக்கு. மாப்ளதான் சொன்னான், 'எதுக்குடா வம்பு, நாம ரெண்டு பேரும் ஒரே மெஷினுக்குத்தானே இறங்கறோம், என்னோடதையே வெச்சுக்கலாம், ரெண்டு சாவி இருக்குல்ல'ன்னு. ஆளுக்கு ஒரு சாவி. யாரு இறங்கறானோ அவன் மாட்டறது. ஒரு வருஷம் ஓடுச்சு, ஒண்ணும் ஆகல.

— ம்.

— அன்னிக்குக் காலையில நான்தான் இறங்கினேன். துணியை இழுத்துப் போட்டுட்டு வெளிய வந்தேன், அதுக்குள்ள டீக்கு மணி அடிச்சுட்டான். பூட்டைக் கழட்டினேனா இல்லையான்னே நினைக்காம ஓடிட்டேன். கழட்டல. மாப்ள தன் சாவியால திறந்து, ஒரு லோடு ஓட்ட ஆரம்பிச்சிருக்கான். அது திரும்பவும் சிக்கியிருக்கு. ஒழுங்கா அணைச்சு, ஒழுங்கா மாட்டிட்டு இறங்கியிருக்கான். நான் திரும்பி வந்து பாக்கறேன், பூட்டு தொங்குது. 'அட மடையா, கழட்டாமயே டீக்குப் போயிட்டியே'ன்னு என்னையே திட்டிக்கிட்டேன். நான் மாட்டினது அப்படியே இருக்குன்னு நினைச்சேன்டி தங்கச்சி. என் பூட்டுன்னு நினைச்சேன்!

— கதவு?

— பாதி திறந்திருந்துச்சு. திறந்த பூட்டைப் பாக்கெட்ல திணிச்சுக்கிட்டே, முழங்காலாலயே சாத்தினேன். தினமும் அப்படித்தான் சாத்தறது. எட்டிப் பாக்கல. ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா... அவன் கத்தினானோ என்னவோ. அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது. அப்புறம் மெஷின் ஓடற சத்தம் வேற மாதிரி...

— அது வேணாம்ண்ணா. அது எனக்கு வேணாம்.

— பூட்டு என் பேன்ட் பாக்கெட்லதான் இருந்துச்சு. அவனைத் தூக்கிட்டு ஓடறேன், அது தொடையில இடிச்சுக்கிட்டே வருது. சூப்பர்வைசர் சுவிட்சைப் பாத்துட்டு 'பூட்டே போடலயா'ன்னு கேட்டான். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன்மா. 'இல்ல'ன்னு வந்துச்சு. அந்த ஒரு சொல்லு. அப்புறம் அதைத் திருப்பி எடுக்க எனக்குத் தெம்பு இல்ல.

— ஏழு வாரம்.

— ஏழு வாரம். தினமும் இந்தப் படி ஏறும்போது இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் ஏறுவேன். பாப்பா ஓடி வந்து காலைக் கட்டிக்குவா. நாளைக்குச் சொல்லலாம்னு இறங்கிடுவேன். என்னை அடி தங்கச்சி. செருப்பால அடி. வெளிய போடான்னு சொல்லு.

— அடிக்கத் தெம்பு இல்லண்ணா எனக்கு. வெறுக்கணும்னு பாக்கறேன், அதுவும் முழுசா வர மாட்டேங்குது. அவரை அவ்வளவு பிடிக்கும் உங்களுக்கு. அவரையும் கொன்னுட்டு, அவரு பேரையும் கொன்னுட்டு, எங்களுக்குக் குழாய் ரிப்பேர் பண்ணிட்டு இருந்தீங்க... எப்படிண்ணா? எப்படி முடிஞ்சுது?

— தெரியலம்மா. சத்தியமா தெரியல.

— அவரு மறக்கல.

— மறக்கல. அவன் மறக்கவே இல்ல. மறந்தவன் நான். போதும், நாளைக்கு அங்க போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். ஆபீசர் கேட்டாலும் சொல்றேன், கேக்காட்டியும் சொல்றேன். பூட்டு அலமாரியில ஒரு பழைய சாக்ஸுக்குள்ள இருக்கு, அதையும் கொண்டு வர்றேன். வேலை போகட்டும், ஜெயிலுக்கே அனுப்பட்டும். எத்தனை மணிக்கு வரணும்? பத்தரைன்னுதானே லெட்டர்ல போட்டிருக்குன்னு சொன்ன?

— நாளைக்கு விசாரணையே இல்லண்ணா. அது எப்பவோ முடிஞ்சு போச்சு. அந்த லெட்டர்ல இருந்தது அவரு மேலதான் தப்புன்னு அவங்க எடுத்த முடிவு, அதுக்கு மேல சொல்றதுக்கு ஏதாவது இருந்தா ஒரு மாசத்துக்குள்ள சொல்லலாம்னு ஒரு வரி, அவ்வளவுதான். உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு நானா சேத்துப் படிச்சேன். சாவி என்ன சாவின்னு கவரைப் பிரிச்ச அன்னிக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே பூட்டுங்கறதை அவரு என்கிட்டச் சொல்லாம இருப்பாரா? அந்தச் சாவி அவரு பாக்கெட்ல இருந்துச்சுன்னா பூட்டு சுவிட்சுல இருந்திருக்கணும், அதைத் திறக்க இன்னொரு சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துப் பாத்துத்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன்... உங்களை அங்க யாரும் கூப்பிடலண்ணா. நான்தான் கூப்பிட்டேன்.